ஒன்பது புள்ளியும் ஒரு மைப்பொட்டும்

போன மாதம் நான் ஓய்வு பெற்ற அன்று, எங்கள் அலுவலகத்து இன்ஜினீயர் பெண் ஒருத்தி கேக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நிறுத்தினாள். "சும்மா பாருங்கக்கா" என்றாள். பார்த்தேன். இரண்டே நொடியில் ஒரு நீல வட்டம் திரையில் முளைத்து, என் கண் போன இடத்துக்கெல்லாம் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே ஓடி வந்தது. நாற்காலி இல்லை, தாடை தாங்கி இல்லை, ஜன்னலை மூடவில்லை.

"முன்னாடியெல்லாம் இதுக்குன்னே தனியா ஒரு ஆள் இருப்பாங்களாமே?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா அந்த ஆள்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவளிடம் கேட்டிருக்கிறார்கள். வந்தவரை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு இடத்தில் கால் தங்காது. தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் சட்டைக்குக் காஜா எடுத்தேன். பெட்ரோல் பங்கில் நின்றேன். பல்லாவரத்தில் தோல் பதனிட்ட வாடையோடு ஒரு வருடம் பஸ் ஏறினேன், பக்கத்து சீட் எப்போதும் காலியாகக் கிடைத்தது. இருந்த அறையைக் காலி செய்யச் சொன்னபோது தாம்பரம் ஸ்டேஷனில் பதினோரு நாள் படுத்திருக்கிறேன். மின்விசிறி உண்டு, குறை சொல்ல முடியாது. கடைசியில் திருமுடிவாக்கத்தில் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மெஷினில் உட்கார்ந்தேன். வலது ஆள்காட்டி விரலின் நுனி அங்கே போயிற்று. கட்டுப் பிரித்ததும் அதே மெஷினுக்கே திரும்பினேன், வேறு மெஷின் காலி இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அந்தப் பட்டறைக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. தாடையை வைக்க ஒரு கிண்ணம், நெற்றியை முட்டிக்கொள்ள ஒரு பட்டை, ஏற்றி இறக்க ஒரு திருகு. முடித்ததும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று பஸ் மாறி, சிட்லபாக்கம் ஏரித் தெருவில் ஒரு வீட்டு மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கதவைத் திறந்தவர் சுகந்தி மேடம். நரைத்த கூந்தல், காட்டன் புடவை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். அந்த மாடியில் இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு கேமரா. மனிதர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே தொழில். பத்திரிகைக்காரர்கள், விளம்பரக்காரர்கள், வங்கிகள் எல்லாம் வந்து, எங்கள் பக்கத்தை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் போவார்கள்.

"உக்காரு, தாங்கி சரியா இருக்கான்னு பாப்போம்" என்றார். தாடையை வைத்தேன். திரையில் ஒரு செய்தித்தாள் பக்கம் வந்தது. ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு என் பார்வை போன தடத்தை அதே பக்கத்தின் மேல் போட்டுக் காட்டினார். அதிகம் பார்த்த இடம் சிவப்பாகத் தெரியும். தலைப்புச் செய்தி முழுக்க வெள்ளை. வலது மூலையில் இருந்த பிரியாணி விளம்பரம் மட்டும் பற்றி எரிந்தது.

மேடம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "காலையில சாப்பிட்டியா?"

"இல்ல மேடம்."

இட்லி வரவழைத்தார். சாப்பிட்டதும் மறுபடி உட்கார வைத்து வேறு ஒரு பக்கத்தைக் காட்டினார். இந்தத் தடவை வரி விளம்பரங்களில், 'ஆட்கள் தேவை' என்ற பத்தி சிவந்திருந்தது.

"வேலை தேடறியா?"

"எப்பவும் தேடுவேன் மேடம்."

"இங்கயே இரு" என்றார். இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சொல்லாமலே என்னைப் புரிந்துகொண்ட முதல் சாமான் அந்தக் கேமரா.

அது எப்படி வேலை செய்கிறது என்று மேடம் எனக்கு ஒரு வாரத்தில் புரிய வைத்தார். திரைக்குக் கீழே இரண்டு சின்ன விளக்கு. அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமராவின் படத்தில் கண்மணி கறுப்பு வட்டமாக இருக்கும், அதனருகே விளக்கின் பளபளப்பு ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். கண் அசையும்போது வட்டம் நகரும், பொட்டு கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்து ஆள் எங்கே பார்க்கிறார் என்று மெஷின் கணக்குப் போடும்.

ஆனால் ஒவ்வொரு ஆளின் கண்ணையும் மெஷினுக்கு முதலில் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. முடிச்சுப் போட்ட ஒரு நூலால் கண்ணுக்கும் திரைக்கும் இடைவெளி பார்ப்பேன். வெயில் உள்ளே வந்தால் மெஷின் குருடாகிவிடும் என்பதால் ஜன்னலை மூடுவேன். பிறகு திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது புள்ளிகள் வரும். "புள்ளி வந்தா பாருங்க, போனா விட்டுடுங்க, அடுத்தது எங்க வரும்னு தேடாதீங்க." இந்த மூன்றையும் அந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது, சொன்னால் பயந்துவிடுவார்கள். விரலால் காட்டக் கூடாது. என் விரல் நுனி இல்லாததால் எல்லோரும் புள்ளியை விட்டு அதையே பார்த்தார்கள். வங்கி அதிகாரிகள்தான் மோசம். அடுத்த புள்ளியை ஊகித்து முன்னாலேயே ஓடுவார்கள். என்னைப் போல் பாதியில் படிப்பை விட்டவர்கள் கட்டளைப்படி பார்த்து, முதல் தடவையே தேறுவார்கள்.

மேடம் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஏதாவது தப்பாகப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, தப்பு நடந்த நாற்காலியில் தானே போய் உட்காருவார். அந்த ஆள் இருந்த மாதிரியே சாய்ந்து, அவர் பார்த்ததைப் பார்ப்பார். "வெளிய நின்னு யோசிச்சா நம்ம மூளைதான் தெரியும் கஸ்தூரி. உக்காந்து பாத்தாத்தான் தப்பு தெரியும்" என்பார். பிறகு ஒரு பச்சை நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவார்.

ஒருமுறை ஒரு ஷேர் ஆட்டோ டிரைவருக்குக் கேமரா வைத்த கண்ணாடியை மாட்டி, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை ஓட்ட வைத்தோம். கண்ணாடியிலிருந்து ஒயர் இறங்கி, என் மடியில் இருந்த லேப்டாப்புக்கு வந்தது. வழியில் ஏறிய ஒரு அம்மா கேட்டார்: "இன்னாண்ணா, கண்ணு ஆப்ரேசனா?"

"இல்லக்கா. நான் எங்க பாக்கறேன்னு இவங்க பாக்கறாங்களாம்."

"அத்த நான் சொல்ல மாட்டனா? நீ எங்க ரோட்டப் பாத்து ஓட்டற?"

அந்த அம்மா சொன்னது சரி. ஆட்டோக்காரரின் கண் முக்கால்வாசி நேரம் சாலையோரத்தில் கை தூக்கியவர்கள் மேல்தான் இருந்தது. ஆனாலும் ஒரு இடத்தில்கூட பிரேக் தவறவில்லை. இதற்கும் மேடம் அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து ஒரு சவாரி போய் வந்தார். நோட்டில் 'சாலையை ஓரக்கண்ணால் பார்த்தே ஓட்டுகிறார்' என்று எழுதினார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வேலையில் தனம்மா வந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு குப்பத்தில் அவர் வீடு. கூடை சுமந்து மீன் விற்றவர். பக்கவாதம் வந்து ஒன்பது மாதமாகக் கட்டிலில் இருந்தார். கை, கால், வாய் எதுவும் அசையாது. இமைகள் பாதி தொங்கி, தம் இஷ்டத்துக்கு மூடித் திறந்தன. கண்மணி மட்டும் அங்கும் இங்கும் ஓடும். அவருக்கு உள்ளே எல்லாம் புரிகிறது என்று நினைப்பதாகவும், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றும் டாக்டர் மேடத்திடம் சொல்லியிருந்தார். குப்பத்தில் நிச்சயமாகவே சொன்னார்கள், நினைவு போய்விட்டதென்று.

மேடம் அப்போதுதான் நடமாட முடியாதவர்களுக்காக ஒரு மெஷின் கட்டியிருந்தார். திரையில் எட்டுப் படங்கள். தண்ணீர், வலி, விசிறி, கதவு என்று. ஒரு படத்தை இரண்டு நொடி தொடர்ந்து பார்த்தால் அது பேசும். குரல் மேடத்தினுடையது. இருந்தது ஒரே மெஷின். பல்லாவரத்தில் இன்னொருவர் காத்திருந்தார். அதனால் தனம்மாவுக்குப் பத்து நாள். பத்தாம் நாள் மூன்று மணிக்கு மேடம் வருவார், அதற்குள் ஒன்பது புள்ளியில் குறைந்தது ஏழு தேறியிருந்தால் மெஷின் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் பல்லாவரம்.

முதல் நாள் தனம்மாவின் கணவர் ஏழுமலை அண்ணன் வலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவ உள்ள கீறாளா, இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு தாயீ."

அந்த வீட்டை நடத்தியது அவருடைய தங்கை பாக்கியம். அண்ணியும் நாத்தனாருமாகப் பல வருடம் ஒன்றாகக் கூடை தூக்கியவர்கள். நான் வந்ததும் பாக்கியம் தனம்மாவுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்தார். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த மை.

"ஒன்பது மாசமா ஊரே வந்து உத்து உத்துப் பாத்துட்டுப் போச்சு. இப்ப மெஷின் வேற பாக்குது. கண்ணு படாதா?" என்றார்.

மிளகு அளவுப் பொட்டு. நான் கதவைச் சாத்தி, வெயிலை நிறுத்தி, புள்ளிகளை விட்டேன். ஒன்பதில் இரண்டு தேறியது. மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. மெஷினோ கண் கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் புள்ளி எங்கே போனாலும் அதன் கணக்குப்படி தனம்மா ஒரே இடத்தைத்தான் வெறித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லல? கண்ணு பட்டுடுச்சு" என்றார் பாக்கியம். பொட்டு பட்டாணி அளவாயிற்று. ஆறாம் நாள் எட்டணா அளவு. மெஷினுக்கும் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டினார். எட்டாம் நாள் ஏழுமலை அண்ணன் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். மடித்து வைத்த வலையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். பிறகு மேடத்தை நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். "பாக்கியம், அண்ணியக் கொஞ்சம் நகத்துங்க, நான் படுக்கணும்."

"உனக்கின்னாக்கா, ஒடம்பு முடிலயா?"

"மெஷினுக்குத்தான் முடியல."

தனம்மாவைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, அவர் தலை இருந்த பள்ளத்திலேயே என் தலையை வைத்தேன். அந்த மெஷினுக்கு என் கண் அத்துப்படி. தூங்கி வழிந்தாலும் ஒன்பதுக்கு ஒன்பது தரும். புள்ளிகள் வருவதற்குள் பாக்கியம் ஓடி வந்து குனிந்தார்.

"நீயும் அதும் எதுர படுத்துட்டியா? இரு" என்று என் கன்னத்திலும் ஒன்று வைத்தார். எட்டணா அளவு.

புள்ளிகள் ஓடின. ஒன்பதுக்குப் பூஜ்யம்.

நான் அப்படியே, கட்டிலருகே நின்றால் சரியாகத் தெரியாத, திரையின் மூலையில் இருந்த சின்னக் கேமராப் படத்தைப் பார்த்தேன். என் குங்குமம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை, அந்த வெளிச்சத்தில் சிவப்பு காணாமல் போய்விடும். ஆனால் கரிப்பொட்டு கன்னங்கரேலென்று, வட்டமாக, கண்ணை விட அழகான கண்ணாக என் கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. எண்ணெயின் மினுமினுப்பில் விளக்குகள் விழுந்து நடுவில் வெள்ளைப் பொட்டு வேறு. மெஷின் அதைச் சுற்றிப் பெருமையாக ஒரு பச்சை வட்டம் போட்டிருந்தது. தொங்கிய இமைக்குப் பின்னால் பாதி தெரிந்த தனம்மாவின் நிஜக் கண்ணை விட்டுவிட்டு, பத்து நாளாக அது அவர் கன்னத்தோடு பேசிக்கொண்டிருந்தது. தோற்கத் தோற்கப் பொட்டு வளர்ந்தது, பொட்டு வளர வளர மெஷின் தோற்றது.

நான் படுத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. ஏழுமலை அண்ணன் எனக்கும் ஏதோ வந்துவிட்டதென்று தண்ணீர் கொண்டு வந்தார்.

பொட்டைத் துடைக்க வேண்டும் என்றதும் பாக்கியம் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். "பொட்டு மேல கைய வெச்ச, மெஷினத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன். இன்னிக்கு அண்ணி நாலு பேரு எதுர பேசணும். இன்னிக்குன்னு பாத்து எடுக்கச் சொல்றியே."

"எடுக்க வேணாம். இடம் மாத்தலாம். கொழந்தைக்கு எங்கெல்லாம் வைப்பீங்க?"

பாக்கியம் யோசித்தார். "உள்ளங்கால்லயும் வெப்போம்."

"மெஷின் காலைப் பாக்காது."

"வேல செய்யுமா?"

"பொட்டா, மெஷினா?"

"ரெண்டும்."

"ரெண்டும் செய்யும்" என்றேன். கன்னத்துப் பொட்டைப் பாக்கியமே துடைத்தார். உள்ளங்காலில் ஒரு ரூபாய் அளவுக்கு வைத்தார். நான் மூன்று வாக்கியத்தையும் ஒரே தடவை சொன்னேன். புள்ளி வந்தது. வட்டம் தனம்மாவின் கண்ணுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் எட்டு. வங்கிக்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும்.

நான் எட்டுப் படங்களையும் போட்டேன். தனம்மாவின் கண் தண்ணீரைத் தாண்டியது, வலியைத் தாண்டியது, கதவில் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி.

"கதவைச் சாத்துங்கள்" என்றது மெஷின், மேடத்தின் கணீர்க் குரலில். துணி மாற்றும்போது உதவும் என்று மேடம் யோசித்து வைத்த படம் அது.

மூன்று பேரும் கதவைப் பார்த்தோம். சாத்தித்தான் இருந்தது.

"சாத்திதான் கீது அண்ணி" என்றார் பாக்கியம்.

"கதவைச் சாத்துங்கள்."

ஏழுமலை அண்ணன் எழுந்து போய்த் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்தார்.

"கதவைச் சாத்துங்கள். கதவைச் சாத்துங்கள்."

ஏழுமலை அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. "மூடுன கதவ மூடச் சொல்றா. அவ்ளோதான் தாயீ. அவ இல்ல."

மூன்று மணி ஆகிக்கொண்டிருந்தது. நான் தனம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அது படத்தில் இருந்தது, கதவுக்கு ஓடியது, மறுபடி படத்துக்கு வந்தது. அவருக்கு அந்தப் பலகையில் கதவைப் பற்றி இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். வேறு வார்த்தை நாங்கள் கொடுக்கவில்லை. கூடை தூக்கித் தெருத் தெருவாகப் போன பெண்ணை ஒன்பது மாதம் படுக்க வைத்தது வியாதி. அவர் கண்ணுக்கு இருந்த ஒரே வாசலைப் பத்து நாளாகச் சாத்தி வைத்தது நான்.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை விரியத் திறந்தேன்.

வாசற்படியில் சுகந்தி மேடம் நின்றுகொண்டிருந்தார். "தட்டக் கை தூக்கினா தாழ்ப்பாள் போடறீங்க. என் குரல்லயே என்னை வெளிய நிக்கச் சொல்றீங்களே" என்றார்.

வெயில் மொத்தமும் அவர் பின்னாலேயே உள்ளே வந்தது. மெஷினின் பச்சை விளக்கு செத்தது. தனம்மாவின் கண் மேடத்தைத் தாண்டி வெளியே போனது. மேடம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறைக்கிறோம் என்று புரிந்து நகர்ந்துகொண்டார். தெருவில் கூடையோடு இரண்டு பெண்கள் போனார்கள். "இன்னா தனம், கதவு தொறந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே போனாள். தனம்மாவின் கண் அவள் கூடவே தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது.

"மெஷின் என்ன சொல்லுது?" என்றார் மேடம்.

"குருடாயிடுச்சு மேடம், வெயில்ல."

"அப்ப வேலை செய்யலையா?"

"வேலை செஞ்சு முடிச்சுடுச்சு மேடம்."

நடந்ததைச் சொன்னேன். மேடம் பச்சை நோட்டை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், தனம்மாவின் தலையணை அளவுக்குத் தலையைச் சாய்த்து, வாசலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா, அவ..." என்று ஏழுமலை அண்ணன் ஆரம்பித்தார்.

"இருக்காங்க" என்றார் மேடம். "நாமதான் நடுவுல நின்னுட்டிருந்தோம்."

மறுநாள் நான் திருமுடிவாக்கம் போய், பழைய பட்டறையில் தகரத்தை வளைத்து மெஷினுக்கு ஒரு கூரை செய்தேன். கட்டிலையும் கொஞ்சம் திருப்பிப் போட்டோம். கதவு திறந்திருந்தாலும் வெயில் கேமராவில் விழாது. பல்லாவரத்துக்காரருக்கு மேடம் அடுத்த மாதமே இன்னொரு மெஷின் கட்டினார், அதற்கும் கூரை என் கைவேலைதான்.

குரலை மாற்றச் சொன்னது பாக்கியம். "எங்க அண்ணி இப்படியா பேசும்? நியூஸ் வாசிக்கிற மாதிரி கீது." அவரையே பேச வைத்துப் பதிவு செய்தோம். தனம்மா மாதிரியே தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, "ஏய் பாக்கியம், கதவத் தொற" என்றார்.

அதைப் போட்டுவிட்டு நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கதவு அகலத் திறந்திருந்தது. பாக்கியம் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏய் பாக்கியம், கதவத் தொற" என்றது மெஷின்.

பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "தொறந்துதான் கீது அண்ணி" என்று காட்டிவிட்டுப் போனார். போய் உட்கார்ந்திருக்கக்கூட மாட்டார், மறுபடி "ஏய் பாக்கியம், கதவத் தொற." மறுபடி ஓடி வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது கதவைப் பார்க்கவில்லை. நேராகத் தனம்மாவின் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் படத்தில் இல்லை. வாசலிலும் இல்லை. பாக்கியம் எந்தப் பக்கமிருந்து ஓடி வருவார் என்று அந்தப் பக்கமே காத்துக்கொண்டிருந்தது.

"இவ என்ன ஓட வெச்சு வெளாடறாக்கா" என்றார் பாக்கியம். மீன் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்து, மாடத்திலிருந்து மை டப்பாவை எடுத்தார்.

"இப்பதான் நெஜமா கண்ணு படும்" என்று சொல்லி, தனம்மாவின் இன்னொரு உள்ளங்காலிலும் ஒன்று வைத்தார்.